நகப்பூச்சு

ஜார்ஜியாவில் காசுக்குப் பெயர் லாரி.
ஜும்பேர் ஓட்டுவதும் லாரி.
பொத்தி துறைமுகத்தில் காற்று அடங்கும்வரை
இரண்டும் நகரவில்லை.

எடைமேடையில் கணக்கெழுதும் த்சியாலாவிடம் சொன்னான்:
"ஆறும் ஆறும் விழலாம், ஆறும் ஐந்தும் விழலாம்.
என்ன பேதம்?
விழுந்தால் விழும், இல்லாவிட்டால் இல்லை."

அவள் வாதாடவில்லை.
கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து
ஒரு பகடைக்கு மட்டும் பூசி
ஊதினாள்.

"இப்போது பார்.
சிவப்பில் ஆறு, வெள்ளையில் ஐந்து.
சிவப்பில் ஐந்து, வெள்ளையில் ஆறு.
வழி இரண்டு.
இரட்டை ஆறுக்கு ஒரே வழி,
முப்பத்தாறில்."

பகடையை முகர்ந்து பார்த்தான்.
"பூசுவதற்கு முன்னாலும் இரண்டுதானா?"
"முன்னாலும்.
நம் கண்ணுக்குத்தான் ஒன்று."

வெகுநேரம் பேசாமல் இருந்தான்.
அவனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள்.

பந்தயம் தேநீர். யார் முதலில்?
பூவா தலையா சுண்டியதில் அவனுக்குத் தலை.
நேற்றும் தலை, முந்தாநாளும் தலை.
"இனிப் பூதான் வரும், பாவம் அது" என்றான்.
"காசுக்கு நேற்று கிடையாது" என்றாள்.

எழுபத்திரண்டு வீச்சு.
அவளுடைய ஆறு-ஐந்து நாலு தடவை வரலாம்,
ஏறக்குறைய.
அவனுடைய இரட்டை ஆறு, இரண்டு.

வந்ததோ
அவளுக்கு ஒன்று,
அவனுக்கு ஐந்து.

மேசை அதிரச் சிரித்தான் ஜும்பேர்.
அவள் தாளை மறுபடி கூட்டிப் பார்த்தாள்.
கணக்கில் பிழையில்லை.
தேநீர்க் காசை எண்ணி வைத்தாள்.

கப்பல் இன்னும் கண்ணில் படவில்லை.
சிவப்பு ஒரு முனையில் உரிந்திருந்தது.
அதன்மேல் மறுபடி பூசிக்கொண்டே,
"இன்னோர் எழுபத்திரண்டு" என்றாள்.