மைனஸ் தொண்ணூற்றொன்று

மலையேற்றத்துக்குப் பெயர் கொடுத்த அன்றே
பயிற்சி அட்டவணை வந்துவிட்டது:
தினம் நாற்பது மாடி ஏறி இறங்கவும்,
முதுகில் எட்டுக் கிலோ.

திருத்துறைப்பூண்டியில் நாற்பது மாடிக்கு
எங்கே போவது?
எங்கள் ஆபீஸுக்கு ஒரு மாடி.
அதிலும் பாதி
பழைய கோப்புகளும் குளவிக் கூடும்.

நாங்கள் நான்கு பேர்.
வரைபடப் பிரிவு மெஹராஜ்,
மதகுச் சாவிகள் வைத்திருக்கும் அற்புதமேரி,
ஜீப் ஓட்டும் தவச்செல்வன்,
பதினேழு வருஷமாய் மட்டம் பார்க்கும் நான்.
மலையை நாங்கள் பார்த்ததெல்லாம்
புதுத்தண்ணீரின் செம்மண் நிறத்தில்தான்.

கடைசியில் கிடைத்தது புயல் பாதுகாப்பு மையம்.
ஊருக்குத் தெற்கே, வயல் நடுவே,
தூண்களின் மேல் நிற்கும் கட்டடம்.
கூரைவரை நாற்பத்தாறு படி.
இதற்குமுன் அதில் ஏறியது
கஜா அடித்த இரவில்.
அன்று யாரும் படி எண்ணவில்லை.
எனக்கு முன்னால் ஒரு ஆடு ஏறியது,
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பைக்குள் போடக் கல் தேடினோம்.
ஆள் ஆழம் தோண்டினாலும்
மண்வெட்டி 'ணங்' என்று சொல்லாத பூமி இது.
களிமண்ணைப் பிசைந்து
அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டோம்.
காயக் காய எடை குறைகிறதென்று
அற்புதமேரி தினமும்
தன் பாரத்துக்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
நடவு வயலில் நின்றவர் நிமிர்ந்து கேட்டார்:
"மேல தண்ணி ஏறுதான்னு பாக்குறீங்களா ஆபீசரம்மா?
எங்க வயலு மேடு தட்டிக் கெடக்கே,
அதையும் கொஞ்சம் ஏறிப் பாருங்க."

அந்த மேடு எனக்குத் தெரியும்.
பதினோரு சென்டிமீட்டர்.
நானே அளவுகோல் நிறுத்திப் படித்தது.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
இத்தனை ஊர் கடந்து ஓடிவந்து
அதன் அடிவாரத்தில் நின்றுவிடும்.
அதைச் சீவச் சொல்லி, மாட்டேனென்று சொல்லி,
இவரும் இவர் தம்பியும் பேசிக்கொண்டு
ஒன்பது வருஷம்.

தவச்செல்வனின் மகன்
துபாயிலிருந்து ஒரு கடிகாரம் அனுப்பியிருந்தான்.
உயரம் காட்டுமாம்.
முதல் படியில் அது காட்டியது:
மைனஸ் தொண்ணூற்றொன்று.
கூரையில்: மைனஸ் எண்பத்துநாலு.
"கடலுக்கு அடியிலயா இருக்கோம்?"
மெஹராஜ் சிரித்ததில் புறாக்கள் எழுந்து பறந்தன.

அது பொய் சொல்லவில்லை, அதன் பூஜ்ஜியம் வேறு என்றேன்.
செயற்கைக்கோள் நினைக்கிற பூமி
வழவழப்பான முட்டை.
உள்ள பூமியோ இந்தப் பக்கம்
கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது,
கடலும் அதோடு தணிந்து கிடக்கிறது.
பாதி சொல்வதற்குள்
அற்புதமேரி வேர்க்கடலை பிரித்துவிட்டாள்.

நாளைக் கிளம்புகிறோம், ஆனைமலைப் பக்கம்.
மண்ணைக் கொட்டிவிட்டுப் பையை உதற
அவள் அந்த வயலுக்கே போனாள்.
"மேட்டுலயா கொட்டுற!" என்று நான் கத்த,
நாக்கைக் கடித்துக்கொண்டு
பள்ளத்துப் பக்கம் திரும்பினாள்.
பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.
காலால் அதைத் தேய்த்துப் பரப்பினார்.

உச்சி ஆயிரத்து எண்ணூறு மீட்டராம்.
எனக்கு அதைவிட வேறொன்று பார்க்க வேண்டும்.
கணக்குப் போட்டுவிட்டேன்:
திருச்சி தாண்டி, கரூருக்கு முன்னால்,
இரவு இரண்டு மணி வாக்கில்
கடிகாரம் பூஜ்ஜியத்தைக் கடக்கும்.
அங்கே கல் நட்டிருக்காது,
பெயர்ப்பலகை இருக்காது,
ஒரு மூடிய டீக்கடை இருக்கலாம்.
பஸ் முழுக்கத் தூங்கும்.
தவச்செல்வன் மட்டும் விழித்திருப்பான்,
அடுத்தவன் ஓட்டும் வண்டியில்
அவனுக்குத் தூக்கம் வராது.
கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன்.
வலப்பக்கம், இருட்டில்,
காவிரி எங்களுக்கு எதிரே
இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்.