பின்கம்பு

சனிக்கிழமை காலை, விட்மயரின் டயர் கடையில்
எழுபத்தொன்றும் தொண்ணூற்றொன்பதும் மோதிக்கொள்ளும்.
மைதானம்: எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் தரை.
வீரர்கள்: வீல் நட்டுகள், சோடா மூடிகள்,
பாதி கடித்த ஒரு டோனட்.

லோவெல் கிராபோவ்ஸ்கி எழுபத்தொன்றின் ஆள்.
இரண்டு முட்டியும் இப்போது டைட்டானியம்.
"பத்து ஆட்டம், பத்து வெற்றி.
சீசன் முழுக்க எங்களுக்கு எதிராக விழுந்தது பத்தொன்பதே புள்ளி.
அதிலும் ஏழு, எங்கள் பையனே கைநழுவ விட்டது" என்பான்.
விட்மயர் தொண்ணூற்றொன்பதின் குவார்ட்டர்பேக்.
"உங்கள் லைன்மேன் நூற்றெண்பது பவுண்டு.
எங்கள் பேண்டில் டிரம் தூக்கியவன் அதைவிடக் கனம்" என்பான்.

எந்த ஆண்டின் விதி, எந்த மழை,
ஹெல்மெட் யாருடையது,
கோடை முழுக்க எஃகு ஆலையில் கசடு அள்ளிய பையன்களை
ஜிம்மில் ஊதிய பையன்களோடு
எந்தத் தராசில் வைப்பது...
எப்படிச் சுற்றினாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து முட்டும்.
எழுபத்தொன்று தோற்கவில்லை.
தொண்ணூற்றொன்பது ஒன்றில் தோற்றது.
லோவெல் விரல்களை வட்டமாக்கிக் காட்டுவான்: சுழியம்.
விட்மயர் பேசாமல் ஏர் ஹோஸை எடுத்துக்கொள்வான்.

நான் ஆடியதில்லை.
ஆர்டன் மில்ஸ் பள்ளிக்கு நாற்பத்தொரு சீசன் சங்கிலி பிடித்தவன்.
இரண்டு கம்பு, நடுவே பத்து கஜச் சங்கிலி.
நாலு முயற்சிக்குள் பந்து அந்த நீளத்தைக் கடக்கவேண்டும்,
இல்லையென்றால் எதிராளி கைக்குப் போய்விடும்.
நடுவர் முன்கம்பைப் பார்ப்பார்.
நாலாயிரம் பேர் எழுந்து நின்று முன்கம்பைப் பார்ப்பார்கள்.
என்னுடையது பின்கம்பு.

எழுபத்தொன்று. பத்தாவது வாரம். சேறு.
சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து
ஓஹாயோவே சாம்பல் நிறக் கஞ்சியாகக் கிடந்த இரவு.
இரண்டு நிமிடம் மிச்சம், நாலாவது முயற்சி.
குவியலுக்கு அடியிலிருந்து பந்தைத் தோண்டி எடுத்து வைத்தார்கள்.
அதன் மூக்கு எட்டவில்லை. ஒரு விரல்.
நான் பந்தைப் பார்க்கவில்லை,
முன்கம்பு பிடித்த எல்மோ சாபோவின் முகத்தில் படித்தேன்.
சங்கிலி இன்னும் விறைக்கவில்லை.
என் குதிகால் பின்னால் வழுக்கியது.

சேறு என்று சொல்லலாம்.
சாகும்வரை எல்மோ சேறு என்றே சொன்னான்,
நான் கேட்காமலே.

தொண்ணூற்றொன்பதில் தரை உலர்ந்திருந்தது.
கோர்டெல் பாங்க்ஸ் மூன்று பேரை முதுகில் சுமந்து விழுந்தான்.
மறுபடியும் அதே ஒரு விரல்.
எனக்கு நாற்பத்தெட்டு வயது.
இருபத்தெட்டு ஆண்டாகத் தூக்கத்தில் வழுக்கிக்கொண்டே இருந்த குதிகாலை
ஆணி அடித்தாற்போல் ஊன்றினேன்.
நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.
பழைய கடனை
பதினேழு வயதுப் பையன் ஒருவனின் தலையில் கட்டினேன்
என்றும் வைக்கலாம்.

இன்று கோர்டெல் கடைக்கு வந்தான்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்; பின்சக்கரத்தில் ஆணி.
வாக்குவாதத்தில் ஒருநாளும் சேராதவன்
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து,
தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்து,
"அன்றைக்கு எவ்வளவு குறைந்தது?" என்றான்.
விரலைக் காட்டினேன்.
இவ்வளவுதானா என்று அவன் கேட்பான் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
"சங்கிலியில் நீங்கள் நின்றீர்கள்,
சரியாகத்தான் இருந்திருக்கும்" என்றான்.

லோவெல் தன் ஆட்களை மறுபடி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான்.
ஒரு நட்டு குறைகிறது என்று
டைட்டானிய முட்டியை மடக்க முடியாமல் மடக்கி
மேசைக்கு அடியில் தேடினான்.

அது என் பூட்ஸுக்குக் கீழே இருந்தது.
நான் காலை நகர்த்தவில்லை.