மைனஸ் எண்பது

ஔலு நகரில் இன்று மைனஸ் இருபத்தாறு.
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
கதவைத் திறந்ததும் வெண்புகை
என் முழங்கால் வரை இறங்கித் தரையில் தவழ்கிறது.

நாற்பது பேர். ஆளுக்கு இரண்டு குப்பி.
மருந்து ஏறுமுன் ஒன்று,
முதல் சுற்று முடிந்ததும் ஒன்று.
பெயர் கிடையாது, எண்தான்.
இருபத்திரண்டு ஆண்டு உறங்கிய இரத்தத்தின் தெளிவு,
வெளிறிய பியர் நிறத்தில்.

பியர் என்றதும் கை கழுத்துக்குப் போகிறது.
ஒரு மிடறு இறங்கினால் போதும், அன்று
காதுக்குக் கீழே கட்டி விண்ணென்று தெறிக்கும்.
பத்தொன்பது வயதில் என் நோயை
முதலில் கண்டுபிடித்தது மதுக்கடை.

இந்த நாற்பதில் ஒன்று நான்.
டாக்டர் ஹில்ப்பாவுக்கு இது தெரியாது.

அந்த அக்டோபர் வாரம் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்:
நானும் தைஸ்தோவும்.
பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
இரவெல்லாம் வேர்த்து நனைந்த சட்டையை
ரேடியேட்டரில் விரித்துவிட்டு
"காசில்லாத சௌனா" என்பார்.
மே மாதம் எனக்கு முடி முளைத்தது.
ஆறு உடைந்து ஓடியதை அவர் பார்க்கவில்லை.

பதினேழு, பதினெட்டு. அடுத்தடுத்த எண்கள்.
ஒன்றில் அந்தப் புரதம் சரிந்திருக்கும்,
மற்றதில் அடம்பிடித்து நின்றிருக்கும்.
சரிந்தது நான்.
இத்தனை ஆண்டும் ஒரு திருட்டைப் போல
இதைச் சுமந்திருக்கிறேன்.

பதினேழு: நாற்பத்தோராயிரத்திலிருந்து முந்நூறு.
பதினெட்டு: முப்பத்தெட்டாயிரத்திலிருந்து
இருநூற்றுத் தொண்ணூறு.

மறுபடி ஓட்டினேன்.
அதே எண்கள்.

அப்போதுதான் கேட்டது அந்த இருமல்.
ஐந்தாம் சுற்றுக்குப் பின், வறண்டு,
நாணலை ஒடிப்பது போல.
மூன்று படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்து நிற்பார்,
ஜன்னலில் ஏதோ வேடிக்கை பார்ப்பதாகப் பாவனை செய்வார்.
நோய் எப்போதோ போயிருந்தது.
அவர் நுரையீரலைத் தின்றது மருந்து.

நவம்பரிலேயே அவர் இரத்தம் சொல்லிவிட்டது
போதும் என்று.
சொன்னதை மூடி போட்டு, எண் ஒட்டி,
பத்திரமாக உறையவைத்தோம்.

"விசேஷம் ஏதாவது?" ஹில்ப்பா கதவருகில்.
"பதினேழும் பதினெட்டும் நன்றாக இறங்கியிருக்கின்றன."
"அப்போ இருவரும் பிழைத்திருப்பார்கள்,"
காபிக் கோப்பையைத் தேடியபடி அவள்.

மிச்சத் துளிகளைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும்.
எது நான் என்று இன்னும் தெரியாது.
இரண்டு குப்பியையும் ஒரே கையில் பிடித்திருக்கிறேன்.
கையுறைக்குள்ளும் சுடுகிறது குளிர்.