வாலில் கேட்கும் நாடி

ஏரிமேல் மூட்டம் இன்னும் கலையவில்லை.
சிஜிமி சிப்பி வாருகிறவர்கள்
நீண்ட கோலால் அடிமண்ணைத் துழாவுகிறார்கள்.
மட்சுவே நகரம் சூப்புக்குத் தண்ணீர் வைக்கும் முன்
நான் பூட்டைத் திறந்து, செருப்பு மாற்றி,
முப்பத்தாறு கூண்டுகளுக்கும் காலை வணக்கம் சொல்லியாக வேண்டும்.
என் பெயர் ககேயாமா ஒரியே.
அவற்றுக்குப் பெயர் கிடையாது.
காதில் ஒரு துளை, கூண்டில் ஓர் எண்.

யாரும் விரட்டவில்லை.
கடன் இல்லை, மேலதிகாரி இல்லை,
மருமகள் பேச்சு இல்லை.
பத்தாவது வாரம் பிறந்தால் போதும்,
இரத்தம் தானாகவே சுவரை முட்டத் தொடங்குகிறது.
பரம்பரை அப்படி.

அழுத்தம் பார்ப்பது வாலில்.
வெதுவெதுப்பான தட்டில் பத்து நிமிடம்,
கண்மேல் என் உள்ளங்கை நிழல்.
அவசரப்படுத்தினால் எண் பொய் சொல்லும்.
முப்பத்தொன்றாம் எலி: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பக்கத்துக் கூண்டில் அதன் தூரத்துப் பங்காளி,
அதே வெள்ளை, அதே சிவந்த கண்,
நூற்றிருபத்திரண்டு.
தூங்குகிறது.

டாக்டர் நிஷிகோரி பலகையில் ஒரு கதவு வரைந்தார்.
"நீளக் கொழுப்பு அமிலம் தசைக்குள் போகும் வழி.
இவற்றுக்கு இந்தக் கதவு பிறவிப் பழுது."
பக்கத்தில் ஒரு சங்கிலி,
பதினெட்டு கார்பன், கோணல் கோணலாய்.
நான் கேட்டேன்:
அப்படியானால் இதயம் எதை எரிக்கும்?
"சர்க்கரையை."
வாசலில் விறகு குவிந்து நனைந்துகொண்டிருக்க
உள்ளே காகிதம் கொளுத்திச் சோறு வடிக்கும் வீடு.
அப்படித்தான் எனக்குப் புரிந்தது.
அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

வாளி மூன்று.
ஒன்றில் பன்றிக் கொழுப்பு.
ஒன்றில் மத்தி எண்ணெய்.
அதைக் கலக்கிய நாளில் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
மூன்றாவதில் குட்டைச் சங்கிலி,
எட்டு கார்பன், பத்து கார்பன்.
கதவைத் தட்டாமல் இடுக்கில் புகுந்துவிடும் சிறுசுகள்.

வைத்ததை நிறுப்பேன், மிஞ்சியதை நிறுப்பேன்.
முப்பத்தொன்று மட்டும் கணக்கைக் கெடுத்தது.
தின்னாமல், சிந்தாமல்,
மரத்தூளுக்கடியில் புதைத்துவைத்தது,
தினம் நான்கு கிராம், பஞ்சம் வரும் என்பதுபோல.
சலித்தெடுத்து, ஊதி, ஏட்டில் திருத்தினேன்.
மறுநாளும் புதைத்தது.

மதியம் என் டப்பாவில்
உப்பில் ஊறிய பிளம், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்.
மருந்துக் கடை இயந்திரத்தில் கை நுழைத்தால்
நூற்றைம்பத்தாறு என்று சீட்டு வருகிறது.
என்னை யாரும் எந்த வாளியிலும் சேர்க்கவில்லை.
ஊறுகாயைத் தின்று முடித்தேன்.

இருபத்துநான்காம் வாரம்.
கத்தரி என் கையில் இல்லை, தராசுதான்.
முதல் வாளியின் இதயங்கள்
ஒன்றரை கிராமுக்கு மேல், சுவர் தடித்து.
முப்பத்தொன்று: ஒன்று புள்ளி மூன்று ஒன்று.
இரண்டு முறை வைத்தேன். அதேதான்.
அழுத்தம் கடைசிவரை இறங்கவில்லை.
முட்டல் முட்டல்தான்.
ஆனால் முட்டுப்பட்ட இதயம்
அவ்வளவு பருக்கவில்லை.
"சரியான எரிபொருள் கிடைத்திருக்கலாம்" என்றார்,
பிறகு கண்ணாடியைத் துடைத்தபடி,
"இன்னும் ஆறு எலியாவது இருந்திருக்க வேண்டும்."
நான் லேபிள் ஒட்டினேன்.

அக்டோபரில் கட்டடத்தின் பின்னால்,
சோதனை விலங்குகளுக்கான கல்லின் முன்
எல்லோரும் கறுப்புக் கோட்டில் நின்றோம்.
நன்றி என்று யாரோ வாசித்தார்கள்.
ஊதுபத்தி மழையில் அணைந்தது.
அவர்கள் போனபின் கோட்டுப் பையிலிருந்து
மூன்றாம் வாளி உருண்டைகளை எடுத்து
கல்லடியில் ஈர இலைக்குக் கீழே புதைத்தேன்.
நிறுத்துத்தான். நான்கு கிராம்.

காலையில் பார்த்தால் இலை புரண்டு கிடந்தது,
உருண்டைகள் இல்லை.
ஏரிக்கரை எலி ஏதாவது வந்திருக்கும்.
அதன் வாலை யாரும் சூடேற்றிப் பிடித்ததில்லை,
அதன் எண் என்னவென்று
ஏட்டில் எங்கும் இல்லை.