சுத்தியல் இரண்டு மணிக்கு மேல்

மின்னசோட்டாவிலிருந்து பதினாறு மணி நேரம்
சபையின் வெள்ளை வேனில்.
கர்ட்டோடு சேர்த்துப் பதினொரு பேர்,
பின்னால் டிரெய்லர் நிறையப் பலகை,
எல்லார் முதுகிலும்
ஆரஞ்சு எழுத்தில் ஒரே வசனம்.
கென்டக்கி மலைமடிப்பில் இறங்கியபோது
வசனத்தைவிட எனக்கு
சிறுநீர்தான் முட்டிக்கொண்டு நின்றது.

டக்லி ஓடைக்கு மேலே
லடோனா கோம்ப்ஸின் வீடு.
காற்று பிய்த்துப்போட்ட கூரையில் நீலத் தார்ப்பாய்.
அது பறக்காமலிருக்க
நாலு செங்கல், இரண்டு டயர்,
ஒரு பொம்மை டிராக்டர்.
"காபி அடுப்பில் இருக்கிறது,
கழிப்பறை இடது பக்கம்"
என்றாள்.
வரவேற்பு முடிந்தது.

திங்கள் முழுக்கத் தார் ஓடுகளைப் பெயர்த்தோம்.
செவ்வாய் முழுக்கச் சுத்தியல்.
என் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறமானது.
ராத்திரி பள்ளிக்கூட ஜிம் தரையில்
வட்டமாக உட்கார்ந்தோம்.
"இன்று கடவுளை எங்கே கண்டீர்கள்?"
என்று கேட்டார் கர்ட்.
சூரிய அஸ்தமனத்தில் என்றான் ஒருவன்.
ஒரு பட்டாம்பூச்சியில் என்றாள் ஒருத்தி.
என் முறை வந்தபோது
ஐஸ் பெட்டியில் என்றேன்.
சிரிக்கவாவது செய்தார்கள்.

புதன் காலை மாரிட்
பலகை எடுக்கக் கீழே போனவள்
வெறுங்கையோடு வந்தாள்.
"கார் ஜன்னலில் இரண்டு கால்" என்றாள்.

மரத்தடியில், ஓடைப் பக்கமாகத் திருப்பி நிறுத்திய கார்.
பின்சீட்டில் மடங்கி, வாயைத் திறந்தபடி,
முதியோர் இல்லச் சீருடையைக்கூட மாற்றாமல்
லடோனா தூங்கிக்கொண்டிருந்தாள்.
இரவெல்லாம் யாரையோ புரட்டிப் படுக்கவைத்துவிட்டு
காலை ஏழரைக்கு வீடு வருகிறவள்.
எட்டு மணிக்கு அவள் கட்டிலுக்கு நேர் மேலே
நாங்கள் ஆரம்பிப்போம்,
அல்லேலூயா பாடிக்கொண்டு.

மூன்று நாளாக அவள் எதுவும் சொல்லவில்லை.
இலவசமாகக் கூரை போடுகிறவர்களிடம்
மெதுவாக அடியுங்கள் என்று
எந்த வாயால் கேட்பது?

கர்ட் கணக்குப் போட்டார்.
இத்தனை சதுர அடி, இத்தனை கை,
மதியம்வரை சத்தமே இல்லையென்றால்
வெள்ளிக்குள் முடியாது.
"முடியாவிட்டால்?" என்றாள் மாரிட்.
கர்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

கார் கண்ணாடியில் ஒரு தாள் வைத்தோம்:
சுத்தியல் இரண்டு மணிக்கு மேல்.
வியாழன் காலை கார் காலியாக இருந்தது.

அதன் பிறகு காலைகள் எல்லாம்
திருட வந்தவர்கள் மாதிரி நடந்தோம்.
குப்பையை ஓடு ஓடாகக் கைமாற்றி இறக்கினோம்.
திண்டாடித் திண்டாடித் தாழ்வாரத் தூணுக்குக் குழி எடுத்தோம்,
மண்வெட்டி கல்லில் படாமல்.
டோபயஸ் தன் தும்மலைத்
தொப்பிக்குள் தும்மினான்.
பொம்மை டிராக்டரைக் கழுவி
வாசற்படியில் வைத்ததும் அவன்தான்.
மறுநாள் அது அங்கே இல்லை.
யாருடையது என்று
அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாலையில் அடித்தோம், அடித்தோம்.
ஜெபக் கூட்டம் இரண்டு நாள் நின்றுபோனது.
வெள்ளி ராத்திரி கடைசி வரிசை ஓடுகளை
வேனின் முகப்பு விளக்கில் பதித்தோம்.
தாழ்வாரம் அப்படியே கிடக்கிறது,
குழியும் நாலு தூணுமாக.
அடுத்த வாரம் ஒஹையோவிலிருந்து வருகிறவர்கள்
எங்களைத் திட்டுவார்கள்.

இன்னொன்று.
மேற்கு ஓரம், நாலாவது வரிசையில்
என் ஆணி ஒன்று கீழே மரத்தைப் பிடிக்காமல்
தொளதொளவென்று இறங்கியது.
இருட்டிவிட்டிருந்தது.
மேலே ஓட்டைப் போர்த்திவிட்டு
யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ராத்திரிதான் மழை.
ஜிம்மின் தகரத்தில் கொட்டியது.
லடோனா வேலையில் இருப்பாள்.
ஆளில்லாத வீட்டின்மேல்
எங்கள் கூரை
தனியாக நனைந்துகொண்டிருக்கும்.
கண்ணை மூடினால் ஒரு சொட்டு,
அவள் தலையணையில், சரியாக நடுவில்.

காலையில் ஊர் திரும்பும் வழியில்
வீட்டைத் தாண்டினோம்.
கார் வாசலில் நின்றது, கண்ணாடி ஏற்றி.
உள்ளே யாரும் இல்லை.
விடைபெற்றுப் போகலாமென்று
கர்ட் ஹாரனில் கை வைத்தார்.
பத்துப் பேரும் ஒரே மூச்சில்
"ஷ்ஷ்" என்றோம்.

நான் மட்டும் கழுத்தைத் திருப்பி
வளைவு மறைக்கும்வரை
நாலாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.