கடைசிப் பதினாறு பக்கம்

நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில்
திலோத்தமை கதவை உதைக்கிறாள்.
அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து
வெள்ளைப் பெயின்ற் நாலு லீற்றர் கேட்கிறார்.

மத்திய வீதியில் கடை.
தூரிகை சுற்றக் கிலோவாய் வாங்கின
பழைய தாளுக்குள் கிடந்தவள்.
இப்போது என் காசு லாச்சிக்குள்,
நிற அட்டை ஒன்றை நெஞ்சில் செருகிக்கொண்டு
நான் திரும்பும்வரை
உதைத்த காலை இறக்காமல் நிற்கிறாள்.

தனியாள். துப்பறிவது தொழில்.
இடது புருவத்தில் வெட்டு, இடுப்பில் துப்பாக்கி.
இரவு இரண்டு மணிக்குக் கிடங்கடிக்குப் போகிறாள்,
"எங்கே நிற்கிறாய்" என்று
ஒரு அழைப்பு வருவதில்லை.
எழுதினவர் ஆணாய்த்தான் இருக்கவேணும்:
இவ்வளவு பக்கத்தில் ஒருமுறைகூட
அவள் கழிப்பறை தேடவில்லை.

எங்கட ஊருக்கு வந்து பார் திலோத்தமை.
என்.சி. வீதியில் நீ ஓராளைப் பின்தொடர்ந்தால்
பாதி வழியில் ஒரு மாமி மறிப்பா,
"பாலையூற்றுச் சவிரியானின்ர மகளெல்லோ,
அம்மான்ர சீனி இப்ப எப்பிடி?"
நீ பதில் சொல்லி முடிக்க
கொலைகாரன் கிண்ணியா பஸ்ஸில் ஏறி
ஜன்னல் சீற்றும் பிடித்துவிடுவான்.
கறுப்புக் கண்ணாடி போட்டாயோ,
கண்நோய் என்று முலைப்பால் விடச் சொல்லுவினம்.

ஆனாலும் அவள் சொன்ன ஒன்று
லாச்சிக்குள் கிடந்து தட்டிக்கொண்டேயிருந்தது:
"பிணத்தைப் பார்க்காதே.
காசு எந்தப் பக்கம் நடந்தது என்று பார்."

மத்தியானம். பஸ் நிலையத்தடி வாங்கு.
சோற்றுப் பார்சல், சூடைப் பொரியல்,
மடியில் நூற்றி எழுபத்தாறாம் பக்கம்.
இருட்டறை. கொலையாளி
விளக்கைப் போடக் கை நீட்டுகிறான்.
கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.

திரும்பினால் மான்.
கொம்பில் பொலித்தீன் நாடா தொங்க
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
தையல் விட்ட கடைசிப் பதினாறு பக்கத்தை
மென்றுகொண்டு நின்றது.
குழம்பு பட்ட தாள்.
அவசரப்படாமல், ஒரு சாட்சியைப்போல
என்னைப் பார்த்தபடியே விழுங்கியது.
"இனி மானைத்தான் விசாரிக்கவேணும் தங்கச்சி"
என்றார் ஓட்டோக்காரர்.

இரண்டு இரவு நித்திரை இல்லை.
காவலாளியா? நாய்க்கே பயந்தவன்.
மருமகனா? அவன்மேல்
எழுத்தாளர் தேவைக்கு மேலே பழி போட்டுவிட்டார்.
பிறகு முன்பக்கங்களைப் புரட்டினேன்.
நாற்பதாம் பக்கத்தில், ஒரே ஒரு வரியில்,
கணக்குப்பிள்ளையின் சட்டைப் பையில்
இரண்டு பேனை.

எங்கட கடையிலும் இரண்டு பேனை.
நீலத்தில் எழுதினால் காட்டுவதற்கு.
கறுப்பில் எழுதினால் பூட்டுவதற்கு.
மாதா மாதம் என் சம்பளத்தில்
எட்டு வீதம், ஈ.பி.எஃப்.,
நீலத்தில் வெட்டியிருக்கும்.

வியாழன் அரைநாள் லீவு.
துப்பாக்கி இல்லை. குடை இருந்தது.
தொழில் கந்தோரில் ஒரு பிள்ளை
என் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டி
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
திரும்பவும் தட்டினாள்.
"அக்கா, இதில ஒரு சதமும் இல்லையே."

உள்ளுக்குள்ளே ஏதோ
புருவத்தில் வெட்டுப்பட்ட மாதிரி எரிந்தது.
அழவில்லை என்று சொல்லமாட்டேன்.
உட்துறைமுக வீதியில்
நேவிக் கப்பல் ஒன்றைப் பார்க்கிற சாட்டில்
கொஞ்சம் அழுதேன்.

வெள்ளி காலை.
முதலாளியின் அறைக்குக் கண்ணாடிக் கதவு.
'இழுக்கவும்' என்று எழுதியிருக்கும்.
இழுத்தேன்.
நாலு வருஷம் ஏழு மாதம்,
ஐம்பத்தைந்து சம்பளத் துண்டு,
ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தேன்.
வெளியே ஆரோ நாலு லீற்றர் கேட்டார்கள்.
போகவில்லை.

முதலாளி
விளக்கைப் போடக் கை நீட்டினார்.