பதினேழாம் பக்கம்

பதினாறு பக்கம் முடிந்துவிட்டது.
சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் இருக்கிறது.
பதினேழில், மூன்று வாரமாக,
ஒரு கதவுக்கு வெளியே நிற்கிறாள் சாலாச்சி.

சாலாச்சி என் நாயகி.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
வீடு வீடாய் மின்மீட்டர் படிப்பவள்.
பெட்டியைத் திறந்து காதை வைத்தால்
அந்த வீட்டுக் கடன்கள் அவளுக்குக் கேட்கும்:
மளிகைக் கடன், வட்டிக் கடன்,
தங்கையிடம் கேட்காமலே விட்ட மன்னிப்பு.
பறக்கத் தெரியாது.
முழங்கால் வலி வேறு.

நான் எழுதுகிறவள் மட்டும்.
நான் வரைந்தால் மனிதர்கள்
உருளைக்கிழங்கு மூட்டைகளாய் நிற்பார்கள்.
வரைகிறவள் நொக்வாண்டா, உம்லாசியில்.
கிளேர்வுட் டயர்க் கடையில் பில் போடும் நேரத்தில்
பில் தாளின் முதுகில் எழுதி அவளுக்கு அனுப்புவேன்.
"கட்டம் நான்கு: சாலாச்சி தயங்குகிறாள்."
"தயக்கம் இடது தோளிலா, வலது தோளிலா?"
அன்றோடு உணர்ச்சிகளை எழுதுவதை விட்டேன்.
தோள்களை எழுதுகிறேன்.

எழுத்து வராத இரவுகளில்
விளையாடுகிறேன்.
டர்பன் அடகுக்கடையில் வாங்கிய பழைய கன்சோல்.
இடது பொத்தான் ஒட்டும்.
பாட்டரி செத்தது, வயரில் மாட்டினால்தான் உயிர்.
உள்ளே ஒரு பண்ணை விளையாட்டு.
சேமிக்க மூன்று இடம்; மூன்றிலும் ஒரே பெயர்: குபென்.
குபேரன் அடகு வைத்த பெட்டி!
அறுபத்தொரு மணி நேரம் உழைத்திருக்கிறான்.
முந்நூறு பூசணி, ஒரு நாய்,
பாதியில் நிற்கும் கோழிக்கூடு.
நான் தொடங்க வேண்டுமென்றால் அவனை அழிக்க வேண்டும்.
'அழி'யின் மேல் விரலை வைத்தேன்.
"நிச்சயமாகவா?" என்றது பெட்டி.
இவ்வளவு மரியாதையாய் யாரும் என்னைக் கேட்டதில்லை.
இப்போது அவன் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
கோழிக்கூட்டை முடித்தேன்.
நாய் மட்டும் என்னைக் கண்டால் வேலியோரம் போய்விடும்.

போனில் இன்னொன்று, சுரங்க விளையாட்டு.
ஒன்பதாம் தளத்தில் தினமும் சாகிறேன்.
பூதம் வருமுன் அங்கே ஒரு சிறு நெருப்பு எரியும்,
உட்காரலாம், சேமித்துக்கொள்ளலாம்.
அந்த நெருப்பைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.
பூதத்தைப் பார்த்தால் அவ்வளவு இல்லை.
அதனால் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்.
வட்டிக்காரன் வருமுன்
ஒரு முழுக் கட்டத்தைக் கேத்தலுக்குக் கொடுத்தேன்.
மூடி லேசாய் ஆடுகிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை.
குபெனின் நாய் முதன்முறையாக
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
அந்த நொடியில் மின்வெட்டு.
ஃப்ரிட்ஜ் மூச்சை நிறுத்தியது.
பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில்
யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது.
தெரு முழுக்க ஒரு சத்தமில்லை.

மீட்டர் சுற்றாவிட்டால்
சாலாச்சிக்கு என்ன கேட்கும்?
ஒன்றும் கேட்காது.
மற்றவர்களைப் போல
கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்:
"பக்கம் பதினேழு. ஒரே கட்டம்.
முழுக்க இருட்டு. நடுவில் ஒரு கை, மடங்கிய விரல்கள்."

ஓவர்போர்ட் காப்பிக்கடை மூலா தலையை ஆட்டினார்.
"முழுக் கறுப்புக்குத் தனிக் காசு, லோஷ்னி.
மை என்ன குழாயிலா வருகிறது?"
நொக்வாண்டா இரண்டு இரவு பேசவில்லை.
பிறகு படம் வந்தது.
கறுப்பே இல்லை. கோடுகள், கோடுகள்,
மழையைக் குறுக்கே நெய்ததுபோல் மெல்லிய கோடுகள்.
கீழே ஒரு வரி:
"நீ கேட்டது இருட்டு. மை இல்லை."

அந்தச் செவ்வாய் பத்தரைக்கு விளக்கு வந்தபோது
"தொடரவா?" என்று கேட்டது கன்சோல்.
பண்ணையில் அது நேற்றைய காலை.
நாய் வேலியோரம்.
நூறு காசு கொடுத்து ஓர் எலும்பு வாங்கினேன்.

பதினெட்டில் கதவு திறக்கும்.
யார் திறப்பது, எந்தக் கையால் என்று
நொக்வாண்டா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
தெரிந்தால் சொல்லமாட்டேனா.